மங்குக்குப் பச்சைத்தண்ணி

என்னுடைய மனுசனுக்குத் தேத்தண்ணி போடத் தெரியாது. இதை எந்தச் சபையிலும் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். கேத்திலின் சுவிச்சை மேலே தட்டுவதா கீழே தட்டுவதா என்று இன்றைக்கும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிற ஆள். கலியாணம் கட்டின நாள் தொட்டு அவர் குசினிக்குள் வருவது இரண்டே காரியத்துக்கு. மூக்குக்கண்ணாடியைத் தேட வருவார், இல்லாவிட்டால் "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்க வருவார். அப்படிப்பட்ட அருட்செல்வம் போன சனிக்கிழமை காலை என் அடுப்படியில் நின்று, "பச்சைத்தண்ணி விடும்" என்று எனக்குச் சமையல் சொல்லித் தந்தார். அந்த ஒரு வசனத்தில்தான் எங்கள் வீட்டு வண்டவாளம் முழுக்க வெளியே வந்தது.

ஆதியோடந்தமாகச் சொன்னால்தான் விளங்கும். என் பெயர் மக்டலீன். நாங்கள் இருப்பது ஹொல்ம்லியாவில், றெயில் நிலையத்துக்கு மேலே உள்ள புளொக்கில். எனக்கு வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். அங்கே உலகத்தில் உள்ள சனம் எல்லாம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை நாங்கள் ஒரு விளையாட்டு வைப்போம். தொப்பிக்குள் நாடுகளின் பெயரைப் போட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த நாடு விழுகிறதோ அந்த நாட்டின் காலைச் சாப்பாட்டை வீட்டில் செய்துகொண்டு வரவேண்டும். அந்த நாட்டுக்காரி ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவாள். போன வருஷம் எங்கள் இடியப்பம் ஒரு போலந்துக்காரிக்கு விழுந்தது. கடவுளே, அதைக் கத்தியால் வெட்டித்தான் சாப்பிட்டோம்.

இந்த முறை எனக்கு விழுந்தது யூலியாவின் நாடு. டொமினிக்கன் குடியரசு, கரிபியன் கடல் பக்கம். அவர்களின் காலைச் சாப்பாட்டுக்குப் பெயர் மங்கு. வாழைக்காயை அவித்து மசித்து, அதற்கு மேலே வினாகிரி விட்ட சிவத்த வெங்காயம், பக்கத்தில் பொரித்த சீஸ், பொரித்த சலாமி, முட்டை. யூலியா கோப்பிக்கு இருந்த நேரத்தில் கையை ஆட்டி ஆட்டி எல்லாம் சொல்லித் தந்தாள். அவளுடைய நோர்வேஜிய மொழியும் என்னுடையதும் சந்தித்தால் பாதி காற்றோடு போய்விடும். தண்ணீரைப் பற்றி என்னவோ அழுத்திச் சொன்னாள். இத்தனை வருஷம் சமையலறையில் நிற்கிற எனக்குத் தண்ணீர் விடத் தெரியாதா என்று நான் காதில் வாங்கவில்லை.

எனக்கு இதில் இருந்த கரைச்சல் வேறு. நான் மூன்று வருஷமாக வாழைக்காய் வாயில் வைப்பதில்லை. அது நேர்த்தி.

எங்களுக்கு ஒரே பிள்ளை, நிலூஜா. இங்கே பிறந்து இங்கே படித்து, மருந்துக்கடையில் நல்ல வேலையில் இருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள், ஆன்ட்ரியாஸ் என்கிற பெடியனோடு எல்லிங்ஸ்ருட்டில் வீடெடுத்து இருக்கப் போகிறேன் என்றாள். கலியாணம்? "அது பிறகு பாப்பம் அம்மா." நோர்வேக்காரர் இதற்குச் சம்பூவர் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தாலியும் இல்லை, பாதிரியாரும் இல்லை, தபால்பெட்டியில் மட்டும் இரண்டு பெயர். பெடியனின் தகப்பன் நோர்வேக்காரர், தாய் எங்கேயோ வெளிநாடு. எந்த நாடு என்று நான் கேட்க முதலே வீட்டில் இடி விழுந்துவிட்டது.

அருட்செல்வம் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சபையின் தலைவர். தமிழ்ப் பூசையில் முதல் வாசகம் வாசிக்கிறவர். மகள் இப்படிப் போய்விட்டாள் என்றதும் அவருடைய தம்பிமாரும் கோயில் ஆட்களும் துக்க வீட்டுக்கு வந்ததுபோல் வந்து எங்கள் ஹாலில் இருந்தார்கள். இவர் எழும்பி நின்று, ஸ்டென்ட் வைத்த நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"அவளின்ரை வாசல்படியை மிதிச்சா நான் அருட்செல்வம் இல்லை. மக்டலீன், நீரும் மிதிக்கக்கூடாது. மிதிச்சீரெண்டா என்ரை நெஞ்சு வெடிச்சு நான் செத்துப்போவன்."

எனக்கு வாய் இல்லாமல் இல்லை. வேறு எதற்கென்றாலும் அங்கேயே நாலு கதை கேட்டிருப்பேன். ஆனால் நெஞ்சில் இருந்த அந்தக் கை! ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் குழாயோடு அவர் கிடந்த கோலம் அப்போது கண்ணை விட்டுப் போகவில்லை. மகளையும் இழந்து மனுசனையும் சாகக் கொடுக்க நான் தயாராக இல்லை. அடங்கிப் போனேன்.

அந்தக் கிழமையே மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். எனக்கும் நிலூஜாவுக்கும் வாழைக்காய்ப் பொரியல் என்றால் உயிர். சட்டியிலிருந்து தட்டுக்கு வர முதலே இரண்டு பேரும் பாதியைத் தின்று தீர்த்துவிடுவோம். "தாயே, என்ரை பிள்ளையை என்ரை கண்ணாலை காணும் மட்டும் வாழைக்காய் வாயிலை வைக்கமாட்டன்" என்று சொருபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று சொன்னேன். பக்கத்தில் முழங்காலில் நின்று "ஆமென்" சொன்னவர் அருட்செல்வம்.

பிறகு மனம் கேட்காமல் அவருக்குத் தெரியாமல் மகளுக்குப் போன் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்து, கட் ஆனது. கொஞ்ச நேரத்தில் ஒரு செய்தி வந்தது: "இப்ப வேண்டாம் அம்மா." இன்னொரு நாள் எடுத்தேன். அதே பதில். நான் கோபத்தில் போன பிள்ளையைத் திட்டினேன், பிறகு திட்டினதற்காக அழுதேன். மூன்று வருஷமாக இதுதான் என் செபமாலை.

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை வேலைக்கு மங்கு கொண்டுபோக வேண்டும் என்பதால் அன்றைக்கு வீட்டில் ஒரு வெள்ளோட்டம் பார்த்தேன். யூலியா சொன்ன வாழைக்காய் எங்கள் மொந்தன் போல் குட்டை இல்லை, முழங்கை நீளம். கயர்க்கறை பிடிக்காமல் கையில் எண்ணெய் பூசி, நுனி இரண்டையும் வெட்டி, தோலைக் கீறி உரித்து, துண்டு போட்டு உப்புத் தண்ணீரில் அவித்தேன். அவிந்ததும் உருளைக்கிழங்கு மசிக்கிற பழக்கத்தில் கொதிக்கிற பாலை விட்டு மசித்தேன். அவ்வளவுதான். கட்டி கட்டியாக இறுகிப்போய், முள்ளுக்கரண்டியைக் குத்தினால் கரண்டி நிமிர்ந்து நின்றது. அடுத்த அடுப்பில் வெங்காயம் கருகிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அருட்செல்வம் யக்கெற்றைப் போட்டுக்கொண்டு குசினிக்குள் எட்டிப் பார்த்தார். சனிக்கிழமை என்றால் அவருக்குக் கோயில் துப்புரவு. கதிரை அடுக்க வேண்டும், மெழுகு சுரண்ட வேண்டும் என்று காலையில் போனால் மத்தியானம் தாண்டித்தான் வருவார். வந்தால் பசியிருக்காது. "கோயில்லை சாப்பாடு தந்தவை" என்பார். கர்த்தருக்கு ஊழியம் செய்கிற மனுசன் என்று நானும் அவருடைய கம்பளிக் காலுறையை வெந்நீரில் தோய்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன், மடைச்சி.

"என்ன காணும் இது, சீமெந்துக் குழையலோ?"

"வேலைக்குக் கொண்டுபோற வாழைக்காய் மசியல். நிண்டு நக்கலடியாமல் ஒரு வாய் வச்சுச் சொல்லுங்கோ. எனக்கு வாயிலை வைக்க ஏலாதெண்டு தெரியும்தானே."

இந்த நேர்த்தி மட்டும் இல்லாவிட்டால் நானே ருசி பார்த்திருப்பேன். அவர் பாட்டுக்குப் போயிருப்பார். மாதா எந்தப் பக்கத்தால் வந்து காரியம் பார்க்கிறா என்று ஆருக்குத் தெரியும்!

கரண்டியால் எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டினார். எங்கள் மனுசனுக்கு ஒரு வியாதி உண்டு. தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தால் அவருக்கு வயிறு ஊதிப்போகும். பாதிரியாரின் லத்தீனையே திருத்துகிற ஆள்.

"உப்புக் காணாது. இதுக்கு ஆர் பால் விடச் சொன்னது? பச்சைத்தண்ணி விடும், நல்ல குளிர்த்தண்ணி. கிழங்கு மாதிரி இல்லை இது, சூடா விட்டா கட்டிபட்டுப் போயிடும். சுடச்சுட பட்டரைப் போட்டு, பச்சைத்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு மசிச்சாத்தான் மங்கு பஞ்சு மாதிரி வரும். வெங்காயத்தையும் இப்பிடிக் கருக்கக்கூடாது. வினாகிரியிலை ஒரு கொதி காணும்."

மங்கு என்ற சொல்லை நான் அந்த வீட்டில் உச்சரிக்கவே இல்லை.

"எங்கை பழகினீங்கள்?"

அவருடைய முகம் வெளிறியதைக் கண்டேன். கரண்டியைக் கழுவும் தொட்டிக்குள் போட்டார்.

"உதிலை... யூடியூப்பிலை போனது."

"யூடியூப்பிலையோ? பிரசங்கம் கேக்கிறதெண்டாலே என்னைக் கூப்பிட்டுத்தானே போடுவிக்கிறனீங்கள்?"

"சரி சரி, எனக்கு நேரம் போகுது" என்று சொல்லிக்கொண்டே சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு ஓடினார். தொப்பியை மறந்துபோய் விட்டுவிட்டுப் போனார். வெளியே உறைபனி.

முதலில் எனக்கு வந்த நினைவு எல்லாப் பெண்களுக்கும் வருகிற நினைவுதான். எவளோ ஒருத்தி. யூலியாவின் நாட்டுக்காரி. எவளோ ஒருத்தி இந்த வயதில் என் மனுசனுக்குப் பக்கத்தில் இருந்து ஊட்டுகிறாள். யூலியாவாகவே இருக்குமோ என்றுகூட ஒரு கணம் போனது. சீ, அந்தப் பாவி சனிக்கிழமை முழுக்க வேலையில் நிற்கிறவள். றெபேக்காவுக்குப் போன் எடுத்தேன். கோயில் கதவின் திறப்பு அவளிடம்தான் இருக்கிறது. பீடத்துக்குப் பூ வைக்கிறவளும் அவள்தான்.

"றெபேக்கா, இவர் தொப்பியை விட்டிட்டுப் போட்டார். கோயிலுக்கு வந்தா எனக்கு ஒருக்காப் போன் எடுக்கச் சொல்லும்."

அவள் குரலைத் தாழ்த்தி, "அக்கா, சனிக்கிழமையிலை கோயில்லை ஒருத்தரும் இல்லையே. துப்புரவுக்குக் கொம்பனி பிடிச்சுக் கனகாலம்" என்றாள்.

"அப்ப இவர் எங்கை போறவர்?"

"ஐயோ அக்கா, உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நாங்கள் நினைச்சனாங்கள்."

"என்ன தெரியும்? சொல்லும் றெபேக்கா. மாதாவாணை சொல்லும்."

"இஞ்சை எல்லிங்ஸ்ருட்டுக்குத்தான் வாறவர். எங்கட புளொக்குக்கு முன் புளொக்கிலைதானே நிலூஜா இருக்கிறா. ரவுண் கடையிலை வாழைக்காயும் சாமானும் வாங்கிக்கொண்டு, வழியிலை காணுற ஆக்களோடையெல்லாம் கதைச்சுப்போட்டு ஆறுதலா வருவார். அவை இஞ்சை குடிவந்த நாளிலை இருந்து வாறவர்தான். நீங்கள்தான்... கோவிக்காதேங்கோ அக்கா... நீங்கள்தான் பிள்ளையை மன்னிக்கமாட்டன் எண்டு கல்லாய் நிக்கிறியள் எண்டு சொன்னவர். அண்ணை பாவம், ரெண்டு பக்கமும் இழுபடுறார் எண்டு நாங்கள் எல்லாரும்..."

அண்ணை பாவமாம்! போனை வைத்தேன். கையில் இருந்த மசியல் கரண்டியைச் சுவரில் எறிந்தேன். அது ஒட்டிக்கொண்டது, அவ்வளவுக்குக் கட்டி.

ஒரு பெண்ணென்றால் இவ்வளவு நொந்திருக்க மாட்டேன். இது என் பிள்ளை. நான் பெற்ற பிள்ளையை என்னிடமிருந்து ஒளித்து வைத்து, கிழமைக்குக் கிழமை தான் மட்டும் போய்ப் பார்த்து, வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்து, "கோயில்லை சாப்பாடு தந்தவை" என்று எனக்கு முன்னால் ஏப்பம் விட்டிருக்கிறார். நான் இரவில் அழுத சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். ஒரே கட்டில்தானே. "அழாதையும், எல்லாம் கர்த்தர் பாத்துக்கொள்ளுவார்" என்று முதுகைத் தடவியவர். அந்தக் கையை நினைக்க எனக்கு அருவருத்தது.

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பார்கள். என் புத்தி அன்றைக்கு நன்றாகவே வேலை செய்தது. மனுசன் ரவுணில் வாழைக்காய் பொறுக்கி, பேரம் பேசி, கண்ட ஆளிடமெல்லாம் சுகம் விசாரித்து வந்து சேர நேரம் எடுக்கும். நான் கட்டிபட்ட மங்கை ஒரு டப்பாவுக்குள் அள்ளி அடைத்தேன். ஏன் அதைக் கொண்டுபோனேன் என்று எனக்கே தெரியாது. வெறுங்கையோடு மகள் வீட்டுக்குப் போகக்கூடாது என்று கை தானாகச் செய்திருக்கும். றெயிலில் ஓஸ்லோ நிலையத்துக்குப் போய், அங்கிருந்து நிலக்கீழ் றெயில் பிடித்துக் கடைசி நிலையம் மட்டும் இருந்தேன். முன்னால் இருந்த பிள்ளை என்னைப் பார்த்துத் தாயிடம் ஒண்டியது. நான் வாயால் முணுமுணுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

றெபேக்கா சொன்ன புளொக்கின் கீழ்க் கதவை யாரோ சைக்கிளோடு திறந்தார்கள், உள்ளே நுழைந்துவிட்டேன். தபால்பெட்டியில் இரண்டு பெயர் இருந்தது. இரண்டாம் மாடி. மணியை அடித்தேன். அப்பாவோடு சேர்ந்து இவளும் என்னை ஏமாற்றியிருக்கிறாள் என்ற எண்ணம் அப்போதுதான் முழுதாக உறைத்தது. போனைக் கட் பண்ணிவிட்டு, அவருக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். அவளுக்கும் நாலு கேள்வி வைத்திருந்தேன்.

நிலூஜா கதவைத் திறந்தாள். தலைமயிரைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் என் பிள்ளை செய்த காரியம் என்ன தெரியுமா? இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினாள்.

"நிலூ!" என்றேன். "அம்மான்ரை முகத்தைப் பாக்கக்கூடப் பிடிக்கேல்லையோ?"

"அம்மா, நேர்த்தி! ஏன் வந்தனீங்கள்? நேர்த்தி முறிஞ்சு போகுமெல்லோ!"

"என்ன நேர்த்தி முறியுறது? உன்னைக் கண்டாத்தான் என்ரை நேர்த்தி நிறைவேறும். கையை எடு!"

அவள் கையை எடுக்கவில்லை. விரல்களுக்கு உள்ளே இருந்து அழுகையோடு கதை வந்தது.

"நான் கோயில்லை வச்சுக் கலியாணம் கட்டும் மட்டும் என்ரை முகத்திலை முழிக்கமாட்டன், குரலும் கேக்கமாட்டன் எண்டு மாதாவுக்கு நேர்த்தி வச்சிருக்கிறியளாம். முறிச்சா அப்பான்ரை நெஞ்சுக்கு ஆபத்தாம், நீங்கள் மனம் தாங்காமல் போன் எடுத்தாலும் நான் கதைக்கக்கூடாதாம். அதுதான் நீங்கள் போன் எடுக்கேக்கை கட் பண்ணினனான். அழுதழுதுதான் கட் பண்ணினனான் அம்மா."

"ஆர் சொன்னது?"

ஆரென்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் மெதுவாகக் கையை எடுத்தாள். நான் டப்பாவைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தேன். எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. கட்டிப்பிடித்தபடியே என் நேர்த்தி என்ன என்று அவளுடைய காதுக்குள் சொன்னேன். வாழைக்காய் என்றதும் அவள் சிரித்தாள், பிறகு இன்னும் பலமாக அழுதாள்.

"வாற வருஷம் கட்டுவம் எண்டுதான் நாங்கள் இருந்தனாங்கள்" என்றாள். "அப்பாதான், அவசரப்படாதை, அம்மா முதலிலை ஆறட்டும் எண்டு தள்ளித் தள்ளிக்கொண்டு வாறவர். ஏனம்மா அப்பிடிச் செய்தவர்?"

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. வேறை என்ன? கோயில்லை அவர் சொல்லுத் தவறாத அருட்செல்வம். இஞ்சை அவர் இரக்கமுள்ள அப்பா. கல்நெஞ்சுக்காரிப் பட்டத்துக்கு ஒரு ஆள் வேணுமெல்லோ, அதுக்கு நான் இருந்தன்."

பொய்யை ஆரும் சொல்லலாம். ஆனால் என் செபத்தை எடுத்து, மாதாவின் காலடியில் நான் கண்ணீரோடு வைத்த சொல்லை எடுத்து, அதையே என் பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் கதவாகப் போட்டிருக்கிறார். அதற்கு "ஆமென்" வேறு சொல்லியிருக்கிறார்.

சப்பாத்தைக் கழற்றும்போது வாசலில் ஒரு சோடி மண்ணிறக் கம்பளிச் செருப்பைக் கண்டேன். போன நத்தாருக்கு நான் அவருக்கு வாங்கிக் கொடுத்தது. கோயிலில் தொலைந்துவிட்டது என்றார். நானும் பாவம் என்று வேறு சோடி வாங்கிக் கொடுத்தேன். செருப்பின் குதி நன்றாகத் தேய்ந்திருந்தது.

குசினியில் ஆன்ட்ரியாஸ் அடுப்பில் நின்றான். நெடுவல் பெடியன், சுருட்டைத் தலைமயிர். முகம் முழுக்கப் பயம். "வாங்கோ மாமி" என்றான் தமிழில். மாமி என்று சொல்ல ஆர் பழக்கியது என்று நான் கேட்கவில்லை. எனக்கு விளங்கியது. மேசையில் மூன்று தட்டு வைத்திருந்தார்கள். யன்னல் பக்கக் கதிரையில் ஒரு குஷன். அவருடைய இடுப்பு நோவுக்கு.

"இவன்ரை அம்மா டொமினிக்கன்" என்றாள் நிலூஜா. "சனிக்கிழமையிலை எப்பவும் மங்குதான். அப்பாவுக்கு நல்ல விருப்பம். பக்கத்திலை நிண்டு மசிக்கவும் பழகிட்டார்."

மசிக்கிறாராம். எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தராத மனுசன்!

வாசலில் கிடந்த டப்பாவை ஆன்ட்ரியாஸ் எடுத்துத் திறந்தான், நல்ல பிள்ளை. அதைச் சட்டிக்குள் போட்டுச் சூடாக்கி, பட்டர் போட்டு, குழாயிலிருந்து பச்சைத்தண்ணியை ஒரு கோப்பையில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மசித்தான். கட்டி முட்டி எல்லாம் கரைந்து, மெத்தென்று இளகி வந்தது. மேலே வெங்காயத்தை வினாகிரியோடு ஊற்றினான். நிலூஜா ஒரு வாய் எடுத்து எனக்குத் தீத்தினாள்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு வாழைக்காய். மாதாவுக்கு நன்றி சொன்னேன். கூடவே மன்னிப்பும் கேட்டேன், ஏனென்றால் அந்த நேரம் என் மனதுக்குள் இருந்த தூஷணங்களை எந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் சொல்ல ஏலாது. நல்ல ருசியாகத்தான் இருந்தது. அதுதான் கூடுதலாகச் சுட்டது. இந்த ருசியை அவர் கிழமைக்குக் கிழமை தின்றிருக்கிறார், நேரே வந்து வாழைக்காய் இல்லாத என் தட்டைப் பார்த்திருக்கிறார்.

மணி அடித்தது.

நிலூஜா எழும்பினாள். "இரு பிள்ளை. நான் திறக்கிறன்" என்றேன்.

கதவைத் திறந்தேன். இரண்டு கையிலும் பை. ஒரு பைக்குள் இருந்து வாழைக்காய்ச் சீப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தொப்பி இல்லாத காது இரண்டும் குளிரில் சிவந்திருந்தன. பழக்கத்தில் வலது கால் படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. பிறகுதான் முகத்தை நிமிர்த்தினார்.

"மக்டலீன்!"

கை நெஞ்சுக்குப் போகப் பார்த்தது. பை விடவில்லை.

"நெஞ்சைப் பிடிக்காதேங்கோ" என்றேன். "மூண்டு வருஷமா இந்தப் படியேறின நெஞ்சுக்கு இண்டைக்கு ஒண்டும் ஆகாது."

"இஞ்சை பாரும், நான் சொல்லுறதை ஒருக்காக் கேளும். உம்மடை நன்மைக்குத்தான்..."

"ஆர் நீங்கள்?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?"

"என்ரை மனுசன் கோயில்லை வாசகம் வாசிக்கிறவர். பொய் சொல்லமாட்டார். இந்த வாசல்படியை மிதிச்சா நான் அருட்செல்வம் இல்லையெண்டு நாலு பேர் அறியச் சத்தியம் பண்ணினவர். அப்ப, காலை உள்ளுக்கு வச்சுக்கொண்டு நிக்கிற நீங்கள் ஆர்?"

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குத் திருத்திச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. காலை மெதுவாக வெளியே எடுத்தார்.

நான் அவர் கையிலிருந்து வாழைக்காய்ப் பையை மட்டும் வாங்கினேன். மண்ணிறச் செருப்பைச் சோடியாக எடுத்து அவருடைய காலடியில், படிக்கு வெளியே வைத்தேன். கதவைச் சாத்தினேன். பூட்டு ஒரே திருப்பில் விழுந்தது.

"ஆரம்மா வந்தது?" என்று நிலூஜா உள்ளே இருந்து கேட்டாள். அவளுக்குத் தெரியும். இருந்தும் கேட்டாள்.

"தெரியாத ஆள் பிள்ளை. வாழைக்காய் கொண்டுவந்து தந்திட்டுப் போறார். கத்தியை எடு, பொரிப்பம்."